பெயர் வாங்கி வைத்தால் பணம் பெருகுமா? இணையப் பெயர்கள் பற்றிய ஒரு கற்கை

அண்மையில் ஒரு சேமிப்புக் குழுவின் மாதாந்தக் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். இடம்பெயர்ந்து வந்து, சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல், குத்தகை நிலத்தில் பயிர் செய்யும் குடும்பங்களே அக்குழுவின் அங்கத்தவர்களில் பெரும்பாலானோர். கடன் விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. விதைநெல், நீரிறைக்கும் இயந்திரம் திருத்துதல், கோழிக்கூடு என்று வழக்கமான தேவைகளே இருந்தன. கடைசி விண்ணப்பம் மாத்திரம் புதிதாக இருந்தது. ஒரு தாய் தன் மகனுக்காக 108,000 ரூபா கேட்டிருந்தார். கடனின் நோக்கம் என்ற இடத்தில் ‘இன்ரநெற்றில் பெயர் வாங்க’ என்று எழுதப்பட்டிருந்தது.

“சுவாமி, அதுவும் காணி மாதிரித்தானாம். இப்ப மலிவா வாங்கி வைச்சா, பிறகு ஆயிரக்கணக்கான டொலருக்கு விக்கலாமாம். முப்பது பெயர் வாங்கப் போறன் எண்டு நிக்கிறான். குடுக்கலாமோ?” என்று அந்தத் தாய் எம்மைக் கேட்டார்.

குழுவில் எவருக்கும் பதில் தெரியவில்லை. நாமும் உடனே பதில் சொல்லவில்லை. விசாரித்துச் சொல்வதாக வாக்களித்து, அந்த ஒரு விண்ணப்பத்தை மட்டும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கச் செய்தோம். அதன் பின் நாம் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இக்கற்கையில் ஒழுங்குபடுத்தித் தருகிறோம். இதே கேள்வி வேறு குழுக்களிலும் எழக்கூடும். கைத்தொலைபேசி எல்லா வீடுகளுக்கும் வந்துவிட்ட காலத்தில், வீட்டிலிருந்தே பணம் பண்ணலாம் என்ற அழைப்பும் எல்லா வீடுகளுக்கும் வருகிறது.

1. இணையப் பெயர் என்றால் என்ன?

இணையத்தில் இணைந்துள்ள கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அடையாளம் காண்கின்றன. அந்த நீண்ட எண்களை மனிதர் நினைவில் வைத்திருப்பது கடினம். ஆகவே, எண்ணுக்குப் பதிலாகப் பெயரைச் சொல்லி அழைக்கும் ஒரு முறையை 1983ஆம் ஆண்டில் போல் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் வகுத்தார். இன்று உலகம் முழுவதும் பயன்படுத்துவது அந்த முறையையே.

முகாம் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. ஒரு குடும்பம் ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு மாற்றப்படும்போது கொட்டிலின் இலக்கம் மாறிவிடும். குடும்பத் தலைவரின் பெயர் மாறாது. கடிதம் கொண்டு வருபவர் கிராம சேவையாளரின் இடாப்பைப் பார்த்து, இன்ன பெயருடையவர் இப்போது இன்ன இலக்கத்தில் இருக்கிறார் என்று அறிந்துகொள்வார். இணையத்திலும் அப்படியான ஓர் இடாப்பு உண்டு. பெயரைத் தட்டெழுதினால், அந்த இடாப்பு உரிய எண்ணைக் காட்டி எம்மை அவ்விடத்துக்குக் கொண்டு சேர்க்கும்.

இந்தப் பெயரை ஆங்கிலத்தில் ‘டொமைன் நேம்’ என்பர். தமிழில் ‘ஆள்களப் பெயர்’ என்று எழுதுகிறார்கள். இக்கற்கையில் நாம் ‘இணையப் பெயர்’ என்றே சொல்வோம். ஒவ்வொரு இணையப் பெயருக்கும் ஒரு முடிவு உண்டு. ‘டொட் கொம்’ என்பது உலகில் மிக அதிகமாகப் பயன்படும் முடிவு. ‘டொட் எல்கே’ எமது நாட்டுக்குரியது. 2010ஆம் ஆண்டு முதல் ‘.இலங்கை’ என்ற முடிவும் தமிழ் எழுத்திலேயே வழங்கப்பட்டுள்ளது.

2. உறுதிக் காணியா? குத்தகைக் காணியா?

பெயர் ‘வாங்கினேன்’ என்று சொல்வது பேச்சு வழக்கு. ஆனால் காணியை உறுதி முடித்து வாங்குவது போல எவரும் இணையப் பெயரை வாங்க முடியாது. ஒரு குறிப்பிட்ட காலத்துக்குப் பதிவு செய்யத்தான் முடியும். ‘டொட் கொம்’ பெயராயின் குறைந்தது ஓராண்டு, கூடியது பத்தாண்டு. காலம் முடியுமுன் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே இது குத்தகை. இந்த ஒன்றை நன்றாக விளங்கிக்கொண்டால் இக்கற்கையின் பாதியைக் கற்றவர்களாவோம்.

குத்தகைப் பணம் யாருக்குப் போகிறது? 1998இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அமைக்கப்பட்ட ‘ஐகான்’ என்ற இலாப நோக்கற்ற நிறுவனம் முழு ஒழுங்கையும் மேற்பார்வை செய்கிறது. அதன் கீழ், ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பதிவகம் உண்டு. ‘டொட் கொம்’ முடிவுக்கு ‘வெரிசைன்’ என்ற அமெரிக்கக் கம்பனி பதிவகமாக உள்ளது. ‘டொட் எல்கே’ முடிவுக்கு எமது நாட்டின் எல்.கே. டொமைன் பதிவகம் உள்ளது. பதிவகத்துக்கும் பொதுமக்களுக்கும் இடையில் பதிவு முகவர்கள் இருக்கிறார்கள். 2024 செப்டெம்பரில் வெரிசைன் ஒரு ‘டொட் கொம்’ பெயருக்கான ஆண்டுக் கட்டணத்தை 10.26 டொலராக உயர்த்தியது. முகவர் தம் கூலியையும் இதனுடன் சேர்த்து எம்மிடம் அறவிடுவார்.

புதுப்பிக்கத் தவறினால் என்ன நடக்கும்? ‘டொட் கொம்’ பெயருக்குக் காலம் முடிந்த பின் முகவர் சில நாட்கள் தவணை தரலாம். இது 45 நாள் வரை நீளலாம். எல்லா முகவரும் அவ்வளவு தருவதில்லை. அதன் பின் 30 நாட்கள் மீட்புக் காலம். இக்காலத்தில் மீட்பதற்குத் தண்டப்பணம் போன்ற பெருந்தொகை கேட்பார்கள். அதுவும் கடந்தால் ஐந்து நாட்களில் பெயர் இடாப்பிலிருந்து நீக்கப்படும். பிறகு உலகில் எவரும் அதைத் தம் பெயரில் பதிவு செய்யலாம். நல்ல பெயர்கள் நீங்கும் கணத்தில் பிடித்துக்கொள்வதற்கென்றே இயந்திரங்களை வைத்திருக்கும் கம்பனிகளும் உள்ளன.

காணிக்கும் பெயருக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. இருபது முப்பது ஆண்டுகள் காணியைப் பார்க்க முடியாமல் இருந்தவர்களும் உறுதியைக் காட்டி உரிமை கோருகிறார்கள். போர்க் காலத்தில் காணியை விட்டுச் செல்ல நேர்ந்தவர்களின் உரிமை, வேறொருவரின் நீண்டகால ஆட்சியினால் அற்றுப் போகாதிருக்க 2016ஆம் ஆண்டில் எமது நாட்டில் விசேட சட்டமொன்றும் நிறைவேற்றப்பட்டது. இணையப் பெயருக்கு அப்படியான இரக்கம் எதுவுமில்லை. வெள்ளம் வந்தது, வீடு விட்டு ஓடினோம், கைத்தொலைபேசி தொலைந்தது என்று எந்தக் காரணத்தைச் சொன்னாலும், தவணை தப்பினால் பெயர் போனது போனதுதான்.

3. பணம் பண்ணியவர்களின் கதைகள்

இளைஞர்கள் கேள்விப்படும் கதைகள் முற்றிலும் பொய்யானவை அல்ல. அவற்றை நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது ‘டொட் கொம்’ பெயர் 1985 மார்ச் 15ஆம் திகதி பதிவு செய்யப்பட்டது. ‘சிம்போலிக்ஸ்’ என்ற கணினிக் கம்பனி அதைப் பதிவு செய்தது. அதன் பின் பத்தாண்டுகள் வரை பெயர் பதிவதற்குக் கட்டணமே இருக்கவில்லை. 1995 செப்டெம்பரில்தான் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டொலர் என்று கட்டணம் விதிக்கப்பட்டது. அக்காலத்தில் எதிர்காலத்தை ஊகித்துச் சாதாரண ஆங்கிலச் சொற்களைப் பதிந்து வைத்தவர்கள் சிலர் செல்வந்தர் ஆனார்கள். ‘பிஸ்னஸ் டொட் கொம்’ என்ற பெயர் 1997இல் 150,000 டொலருக்குக் கைமாறியது. இரண்டே ஆண்டுகளில், 1999இல், அதே பெயர் 75 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. 2019இல் ‘வொய்ஸ் டொட் கொம்’ என்ற பெயரை ஒரு கம்பனி 3 கோடி டொலர் கொடுத்து வாங்கியது.

இக்கதைகளில் மூன்று பொது அம்சங்கள் உள்ளன. முதலாவது, இவை அகராதியில் உள்ள, எல்லோருக்கும் தெரிந்த, ஒற்றை ஆங்கிலச் சொற்கள். இரண்டாவது, போட்டியில்லாத ஆரம்ப காலத்தில் பதியப்பட்டவை. மூன்றாவது, வாங்கியவர்கள் பெரும் முதலுள்ள கம்பனிகள். இன்று உலகில் 35 கோடிக்கு மேற்பட்ட பெயர்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் 15 கோடிக்கு மேற்பட்டவை ‘டொட் கொம்’ பெயர்கள். அகராதிச் சொற்கள் எப்போதோ முடிந்துவிட்டன. இன்று புதிதாகப் பதிய வருபவருக்கு 12 டொலருக்குக் கிடைக்கும் பெயர், இத்தனை ஆண்டுகளாக எவரும் வேண்டாமென்று விட்ட பெயர். அதற்குள்ளும் நல்லது இருக்கலாம். அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்குவது போன்ற வேலை அது.

“காணி மாதிரி, புதிதாக உண்டாகாது, ஆகவே விலை ஏறும்” என்ற வாதமும் சரியன்று. ‘டொட் கொம்’, ‘டொட் நெற்’ போன்ற ஒருசில முடிவுகளே நெடுங்காலம் பெரும் புழக்கத்தில் இருந்தன. 2012இல் ஐகான் புதிய முடிவுகளுக்கு விண்ணப்பம் கோரியது. 1,930 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய முடிவுகள் உண்டாயின. ஒரு முடிவில் கிடைக்காத சொல் இன்னொரு முடிவில் கிடைக்கிறது. கடவுள் படைத்த நிலம் கூடாது. மனிதர் அமைத்த இந்த நிலம் கூடிக்கொண்டே போகலாம்.

இத்தொழிலில் நிச்சயமாக வருமானம் பெறுவோர் யார்? முடிவை வைத்திருந்து ஆண்டுக் குத்தகை வாங்குவோரே. பசிபிக் சமுத்திரத்தில் துவாலு என்ற மிகச் சிறிய தீவு நாடு உண்டு. கடல் மட்டம் உயர்வதால் தம் மண்ணையே இழக்கும் அச்சத்தில் வாழும் மக்கள் அவர்கள். அந்த நாட்டுக்குக் கிடைத்த முடிவு தற்செயலாக ‘டொட் ரிவி’ என்று அமைந்தது. தொலைக்காட்சியை நினைவூட்டும் அந்த முடிவை வெளிநாட்டுக் கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்துப் பெற்ற பணத்தின் உதவியுடன் துவாலு 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது. கரிபியன் கடலிலுள்ள அங்குவிலா தீவின் முடிவு ‘டொட் ஏஐ’. செயற்கை நுண்ணறிவுக்கும் ஆங்கிலத்தில் அதே இரண்டு எழுத்துக்கள். அதனால் 2023இல் மட்டும் அத்தீவுக்கு ஏறத்தாழ 3 கோடி 20 இலட்சம் டொலர் வருமானம் கிடைத்தது. பெயரைப் பதிந்தவர் விற்றாலும் விற்காவிட்டாலும் குத்தகை கட்டுகிறார். குத்தகை வாங்குபவர் எப்படியும் பெறுகிறார்.

4. கணக்குப் பார்ப்போம்

கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் லூக்கா நற்செய்தியில் கற்பிக்கிறார். நாமும் உட்கார்ந்து கணக்கிடுவோம். ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 12 டொலர் என்றும், ஒரு டொலர் 300 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம்.

முதலாம் ஆண்டு: 30 பெயர் × 12 டொலர் = 360 டொலர், அதாவது 108,000 ரூபா.

விற்காதவற்றை வைத்திருக்க வேண்டுமானால் இரண்டாம் ஆண்டும் 108,000 ரூபா. மூன்றாம் ஆண்டும் 108,000 ரூபா. மூன்றாண்டில் மொத்தச் செலவு 324,000 ரூபா.

இனி வரவைப் பார்ப்போம். நூறு பெயர் வைத்திருப்பவர் ஓராண்டில் ஒன்று அல்லது இரண்டை விற்றால் அது வழமையான நிலை என்று இத்தொழிலில் அனுபவமுள்ளவர்களே தமக்குள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் தெரிவதில் பழகியவர்கள். அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டாலும், முப்பது பெயர் வைத்திருப்பவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு பெயரே விற்கும். அந்தப் பெயர் 1,000 டொலருக்கு விற்றது என்போம். விற்றுக் கொடுக்கும் சந்தைத் தளம் 20 வீதம் தரகு எடுத்தால் கையில் வருவது 800 டொலர், அதாவது 240,000 ரூபா. செலவு 324,000 ரூபா. நட்டம் 84,000 ரூபா. கடன் வாங்கியிருந்தால் வட்டி வேறு.

அதே பெயர் 2,000 டொலருக்கு விற்றிருந்தால் 1,600 டொலர், அதாவது 480,000 ரூபா கிடைத்திருக்கும். அப்போது வட்டிக்கு முன் 156,000 ரூபா இலாபம். ஒன்றுமே விற்கவில்லை என்றால் 324,000 ரூபாவும் போய்விடும். இம்மூன்றும் நடக்கக்கூடியவை. ஆனால் எது நடக்கும் என்பது எமது கையில் இல்லை. அதிகம் உழைப்பதால் விற்பனை வந்துவிடாது. பயிருக்கு நீர் பாய்ச்சினால் பயன் உண்டு. பெயருக்கு நீர் பாய்ச்ச முடியாது.

இன்னும் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். சில முகவர்கள் முதலாம் ஆண்டை ஒரு டொலருக்கோ இரண்டு டொலருக்கோ தருவதாக விளம்பரம் செய்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் முழுக் கட்டணமும் வரும். சில புதிய முடிவுகளுக்கு அது மிக அதிகமாக இருக்கும். ஆகவே முதலாண்டு விலையைப் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையைப் பார்க்க வேண்டும். மற்றது, வெளிநாட்டு முகவர்களின் குத்தகை டொலரில்தான். 2022இன் ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவாகியதை எவரும் மறந்திருக்க மாட்டோம். 2,400 ரூபாவாக இருந்த 12 டொலர் 4,320 ரூபாவாகியது. முப்பது பெயர் வைத்திருந்தவருக்கு அந்தச் சுமை முப்பது மடங்கு.

5. பிறருடைய பெயரைப் பதிதல்

“புகழ்பெற்ற கம்பனியின் பெயரை முந்திப் பதிந்துவிட்டால் அவர்களே வந்து பெருந்தொகை தருவார்கள்” என்று சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். இது ஆபத்தானது.

1999இல் அமெரிக்காவின் மல்யுத்த நிறுவனமொன்றின் முழுப் பெயரைக் கலிபோர்னியாவில் ஒருவர் 100 டொலர் கட்டிப் பதிந்தார். மூன்று நாட்களின் பின் அதே பெயரை 1,000 டொலருக்குத் தருவதாக அந்த நிறுவனத்துக்கு அறிவித்தார். அந்த ஆண்டில்தான் இவ்வாறான பிணக்குகளைத் தீர்ப்பதற்கு ஐகான் விதிகளை ஏற்படுத்தியிருந்தது. நிறுவனம் முறையிட்டது. அவ்விதிகளின் கீழ் வந்த முதலாவது தீர்ப்பு 2000 ஜனவரியில் வழங்கப்பட்டது. பெயரை நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே தீர்ப்பு. பதிந்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நடிகை ஜூலியா றொபேட்ஸின் பெயரைப் பதிந்தவரும் அதே 2000ஆம் ஆண்டில் அதை இழந்தார்.

இவ்விதிகளின்படி மூன்று விடயங்கள் பார்க்கப்படும். பெயர் பிறருடைய வியாபாரக் குறியை ஒத்திருக்கிறதா? பதிந்தவருக்கு அப்பெயரில் நியாயமான உரிமை ஏதும் உண்டா? தீய நோக்கத்துடன் பதிந்து பயன்படுத்தினாரா? முறையிட்டவர் மூன்றையும் நிரூபித்தால் பெயர் பறிக்கப்படும். சட்டத்துக்கு அப்பாலும் ஒரு விடயம் உண்டு. அயலவரின் எல்லைக் கல்லை நகர்த்துவதை இணைச்சட்ட நூல் கண்டிக்கிறது. காணி பறிபோன வேதனை அறிந்த நாம், பிறர் உழைத்துத் தேடிய நற்பெயரை வேலியடைத்து வைத்துக்கொண்டு விலை பேசலாகாது.

6. ஏமாற்றும் வழிகள்

புதிதாக இத்தொழிலில் இறங்குவோரைக் குறிவைத்துப் பின்வரும் ஏமாற்றுகள் நடைபெறுகின்றன.

அ. “உங்கள் பெயரைப் பெரிய விலைக்கு வாங்குகிறேன். ஆனால் முதலில் ஒரு மதிப்பீட்டுச் சான்றிதழ் எடுத்து அனுப்புங்கள்” என்று மின்னஞ்சல் வரும். சான்றிதழுக்கு நாம் பணம் கட்டிய பின் வாங்குபவர் மறைந்துவிடுவார். உண்மையில் வாங்குபவர் எம்மிடம் பணம் கேட்க மாட்டார்.

ஆ. புதுப்பிக்கும் கட்டணம் கட்டுமாறு அறிமுகமில்லாத கம்பனியிடமிருந்து பற்றுச்சீட்டு வடிவில் கடிதம் வரும். எமது சொந்த முகவருக்கு மட்டுமே கட்ட வேண்டும்.

இ. “வெளிநாட்டில் ஒருவர் உங்கள் பெயரை வேறு முடிவுகளில் பதியப் போகிறார், உடனே நீங்கள் பதியுங்கள்” என்று அவசரப்படுத்துவார்கள். அப்படியொருவர் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஈ. வாங்குபவர் பணம் அனுப்பிவிட்டதாகப் போலி வங்கிச் சிட்டையைக் காட்டிப் பெயரைக் கேட்பார். விற்பனை நடந்தால், இரு தரப்புக்கும் நடுவே பணத்தை வைத்திருந்து, பெயர் கைமாறிய பின் விடுவிக்கும் நம்பகமான நடுவர் கணக்கினூடாகவே செய்ய வேண்டும்.

உ. இரகசியம் சொல்லித் தருவதாக வகுப்புக் கட்டணம் வாங்குவோர் இருக்கிறார்கள். அவர்களது வருமானம் பெயரிலிருந்து வருகிறதா, வகுப்பிலிருந்து வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

7. எமக்குப் பயன்படும் வழி

இதுவரை சொன்னவை விற்பதற்காகப் பெயர் பதிவதைப் பற்றியவை. பயன்படுத்துவதற்காகப் பதிவது வேறு விடயம். அதை நாம் ஊக்குவிக்கிறோம்.

ஒரு பெண்கள் குழு ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த் தூள் செய்து விற்கிறது என்போம். வெளிநாடுகளில் வாழும் எமது உறவுகள் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். குழுவுக்குச் சொந்தமான ஓர் இணையப் பெயர் இருந்தால், அதைப் பொதியில் அச்சிடலாம். கைத்தொலைபேசி இலக்கம் மாறினாலும், குழு வேறு கிராமத்துக்கு இடம் மாறினாலும், வாங்குபவர் எம்மைத் தேடிக் கண்டுகொள்வார். அடிக்கடி இடம் மாறும் மக்களுக்கு மாறாத முகவரி ஒன்று இருப்பது சிறிய விடயமன்று. இதற்கு ஒரு பெயர் போதும். இங்கே இலாபம் பெயரை விற்பதால் வருவதில்லை. பொருளை விற்பதால் வருகிறது.

ஆனால் இதிலும் ஒரு பாடத்தை நாம் பட்டுத்தான் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் துணைநின்ற ஒரு குழுவுக்கு இவ்வாறான பெயர் பதியப்பட்டது. உதவிக்கு வந்த தொண்டர் நல்லவர். அவசரத்தில் தமது மின்னஞ்சலையும் தமது வங்கி அட்டையையும் கொடுத்துப் பதிந்துவிட்டார். நாமும் கேட்கவில்லை. பின்னர் அவர் வெளிநாடு சென்றார். புதுப்பிக்கும்படி வந்த அறிவித்தல்கள் அவர் பார்க்காத மின்னஞ்சலுக்கே போயின. ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “உங்கடை பக்கத்திலை சூதாட்ட விளம்பரம் வருகுது” என்றார். பெயர் காலாவதியாகி யாரோ ஒருவர் கைக்குப் போயிருந்தது. அச்சிட்ட பொதிகள் அத்தனையும் வீணாயின. குழுவிலிருந்த தாய்மாரின் முகங்களைப் பார்க்க எமக்கு வெட்கமாக இருந்தது. தவறு தொண்டருடையது மட்டுமன்று. வழிகாட்ட வேண்டிய எம்முடையதுமாகும்.

8. பதியும்போது கவனிக்க வேண்டியவை

1. சொல்வதற்கும் எழுதுவதற்கும் இலகுவான, குறுகிய பெயரைத் தெரிவு செய்யுங்கள். தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் மற்றவர் பிழையின்றி எழுத வேண்டும்.

2. அந்தப் பெயரில் வேறெவரும் வியாபாரம் செய்கிறார்களா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

3. முகவரைத் தெரியும்போது ஐகான் நிறுவனத்தின் அங்கீகாரம் உள்ளவரா என்று பாருங்கள். ‘டொட் எல்கே’, ‘.இலங்கை’ பெயர்களுக்கு எல்.கே. டொமைன் பதிவகத்தை நாடுங்கள்.

4. உரிமையாளர் என்ற இடத்தில் குழுவின் பெயரையே எழுதுங்கள். உதவி செய்பவரின் பெயரை எழுத வேண்டாம்.

5. குழுவுக்கென ஒரு மின்னஞ்சல் திறந்து அதையே கொடுங்கள். ‘டொட் கொம்’ போன்ற பெயர்களைப் பதிந்த 15 நாட்களுக்குள் அந்த மின்னஞ்சலுக்கு வரும் உறுதிப்படுத்தும் கடிதத்துக்குப் பதிலளிக்க வேண்டும். தவறினால் பெயர் இடைநிறுத்தப்படலாம்.

6. காலாவதியாகும் திகதியைக் கூட்டறிக்கைப் புத்தகத்தில் எழுதுங்கள். முகவர் ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்னும் ஒரு வாரத்துக்கு முன்னும் நினைவூட்டல் அனுப்புவார். அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

7. முடியுமானால் ஒரே தடவையில் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குக் கட்டிவிடுங்கள். இடப்பெயர்வு, நோய், பணமுடை எது வந்தாலும் பெயர் நிற்கும்.

8. கடவுச்சொல்லைத் தலைவர், பொருளாளர் ஆகிய இருவர் அறிந்திருக்க வேண்டும். வங்கியிலிருந்து கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்லக் கூடாது.

எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையில் இறைவாக்கினர் எரேமியா 17 செக்கேல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து அனத்தோத்தில் ஒரு நிலம் வாங்கினார். சாட்சிகள் முன் உறுதி எழுதி, அது நெடுங்காலம் அழியாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார். எமது மக்களும் ஓடும்போது உறுதிகளைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டே ஓடினார்கள். அந்தக் கவனத்தை இணையப் பெயரின் பத்திரங்களுக்கும் நாம் காட்ட வேண்டும்.

9. அந்தத் தாய்க்கு நாம் சொன்ன பதில்

அடுத்த மாதக் கூட்டத்தில் மேற்படி கணக்கைக் கரும்பலகையில் எழுதுமாறு அந்த மகனையே கேட்டோம். அவர் தாமே எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். “மூண்டாம் வருசக் காசை நான் யோசிக்கேல்லை” என்றார். அது நேர்மையான வார்த்தை.

நாம் சொன்ன பதில் இதுதான்: கடன் எடுத்தோ, நகையை ஈடு வைத்தோ, விதைநெல்லுக்கு வைத்த பணத்தைக் கொண்டோ விற்பதற்காகப் பெயர் வாங்க வேண்டாம். காலபோகத்துக்கு விதைக்காமல் விட்ட வயலுக்கு எந்த இணையத்தாலும் ஈடு தர முடியாது. பழகிப் பார்க்க விரும்பும் இளைஞர், போனாலும் வீட்டில் அடுப்பெரியும் என்ற அளவான சொந்த உழைப்புப் பணத்தில் ஒன்று இரண்டு பெயரோடு நின்று, ஓராண்டு முடிவில் வரவு செலவைத் தாயிடம் காட்டட்டும்.

குழு அந்தக் கடனை வழங்கவில்லை. பதிலாக, குழுவின் உற்பத்திப் பொருட்களுக்கென ஒரு பெயரைப் பொது நிதியிலிருந்து ஐந்தாண்டுக்குப் பதிய முடிவு செய்தது. அதைக் கவனிக்கும் பொறுப்பைப் பொருளாளருடன் சேர்த்து அந்த இளைஞரிடமே ஒப்படைத்தது. அவருக்கு முழுத் திருப்தி என்று சொல்ல முடியாது. கூலி வேலையில் சேர்த்த பணத்தில் தமக்கென இரண்டு பெயர்களும் பதிந்திருக்கிறார். அது அவருடைய உரிமை. அவருடைய அறிவும் ஆர்வமும் குழுவுக்குப் பயன்படுகின்றன என்பதும், தாயின் சங்கிலி ஈட்டுக்கடைக்குப் போகவில்லை என்பதும் எமக்கு நிறைவு தருகின்றன.

குழுக்களில் கலந்துரையாடுவதற்கான வினாக்கள்

1. உறுதிக் காணிக்கும், குத்தகைக் காணிக்கும், இணையப் பெயருக்கும் உள்ள வேறுபாடுகள் எவை?

2. ஒரு பெயருக்கு 15 டொலர் எனவும், ஒரு டொலர் 350 ரூபா எனவும் கொண்டு, பத்துப் பெயர்களுக்கு மூன்றாண்டுச் செலவைக் கணக்கிடுங்கள்.

3. எமது கிராமத்தில் ‘விரைவில் பெருகும்’ என்று சொல்லிப் பணம் கேட்ட வேறு திட்டங்கள் எவை? அவற்றில் நிச்சயமாக இலாபம் பெற்றவர் யார்?

4. எமது குழு ஓர் இணையப் பெயரைப் பதிவதானால் அதை எதற்குப் பயன்படுத்துவோம்? புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது?

5. கடன் கேட்கும் இளைஞருக்கு ‘இல்லை’ என்று சொல்லும்போது, அவருடைய திறமைக்கு நாம் கொடுக்கும் மாற்று வழி என்ன?